கை நிறுத்தாத பிடியரிசி

அன்பானவர்களே, ஜெபம் செய்வதில் நான் பேர்போனவள். பெண்கள் கூட்டத்தில் நான் ஆரம்பித்தால் மற்றவர்களுக்கு முழங்கால் மரத்துப்போகும் என்று கேலி செய்வார்கள். அந்த வாய் அடைத்துப்போன காலத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

1931-ஆம் வருஷம் பங்குனி மாதம், புதுக்கடைக்குப் பக்கத்தில், அக்கானி, அதாவது பதநீர், இறக்க ஏறிய என் கணவர் பனையிலிருந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. வர்ம ஆசான் வந்து எண்ணெய் தடவிக் கட்டுப்போட்டார். "மொதல்ல உயிரு தங்கட்டும். நடக்கதப் பத்திப் பொறவு பேசலாம்" என்று சொல்லிப் போனார்.

நான் அழுதேன். உபவாசம் இருந்தேன். ஆண்டவரோடு மல்லுக்கட்டினேன். என் கணவரோ கண்ணை மூடிக்கொண்டு, கஞ்சியே வேண்டாம் என்று கிடந்தார்.

சித்திரையில் எனக்கு வெறுத்துப்போனது. ஒரு காலையில் முழங்காலிட்டேன், ஒரு வார்த்தையும் வரவில்லை. எழுந்து கூலிக்கு நெல் குத்தப் போய்விட்டேன். அதோடு ஜெபம் நின்றது. ஊருக்குப் பயந்து வேதக்கோவிலுக்கு மட்டும் போய்வந்தேன்.

ஒரு ஞாயிறு உபதேசியார், தன் விசுவாசம் மெய்யானதா என்று அவரவர் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார். பார்த்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை. இத்தனை வருஷமும் வாயால் மட்டும்தான் விசுவாசித்தேனோ என்று பயந்துபோனேன். ஏதாவது மிச்சமிருந்தால் காட்டும் ஆண்டவரே என்று மனதுக்குள் ஒன்று வந்தது. அதை ஜெபம் என்றுகூட நான் நினைக்கவில்லை.

உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்து, சபைக்கென்று ஒரு கலயத்தில் போடுவது எங்கள் வழக்கம். மாதக் கடைசியில் ரூத்தம்மா அக்கா வீடு வீடாக வந்து அதை வாங்கிப்போவார்கள். அந்த வாரம் எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள்.

"அதுல ஒண்ணும் இருக்காது அக்கா. நான் ஜெபம் பண்ணியே ஒரு மாசம் ஆச்சு. என் பேர வெட்டிருங்க" என்றேன்.

அக்கா கலயத்தைத் தூக்கினார்கள். "நல்ல கனமாக்கும். பின்ன இது என்னது மக்கா?"

நான் எட்டிப் பார்த்தேன், உள்ளே அரிசி. பாயிலிருந்து என் கணவர் பேசினார்.

"அவதான் போட்டா. ஒவ்வொரு உலைக்கும் போட்டா. அடுப்பத்தான நான் பாத்துட்டுக் கெடக்கேன்." பிறகு என்னைப் பார்த்தார். "நீ போடுகதப் பாத்துதாம்ட்டி நான் கஞ்சி குடிக்கத் தொடங்குனேன். இவளே விடல்லியே, நாம எதுக்கு விடணும்னு நெனச்சேன்."

நான் அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். எனக்கே தெரியாமல் ஆண்டவர் என் கையைப் பிடித்திருந்தார். ரூத்தம்மா அக்கா எங்கள் வறுமையைப் பார்த்து அரிசியைத் திருப்பித் தரவில்லை. எப்போதும்போல வாங்கிக்கொண்டு போனார்கள். அந்த மரியாதையை நான் மறக்கமாட்டேன்.

ஐப்பசியில் என் கணவர் கம்பு ஊன்றி நடந்தார். இனிப் பனை ஏற முடியாது. உட்கார்ந்தபடி நார்க்கட்டில் பின்னுகிறார். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். என் ஜெபமும் இப்போது சுருங்கிவிட்டது, கூட்டத்துப் பெண்களுக்கு அதில் சந்தோஷம்.

விசுவாசம் போய்விட்டது என்று உங்களில் யாராவது தவித்தால், அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். எனக்குக் காட்டியவர் உங்களுக்கும் காட்டுவார். கேட்டுப் பாருங்கள்.

இன்றைக்கும் நான் உலை வைக்கும்போது என் கணவர் பின்னுவதை நிறுத்திவிட்டு அடுப்புப் பக்கம் பார்ப்பார். அவர் பார்ப்பதைக் கவனிக்காத மாதிரி நான் ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போடுவேன்.