பிஸ்கட் டப்பா வண்டியும் ஒரு கேசட்டும்

கல்யாணமாகி மூணாம் மாசம் புருஷன் சவூதிக்குக் கிளம்பிவிட்டால் ஒரு பெண் என்னதான் செய்வாள்? அழுவாள். எத்தனை நாளைக்கு? கொஞ்ச நாளில் அழுகையும் சலித்துப் போகும். பாப்பிரெட்டிப்பட்டி ஷகிலா அழுகை சலித்துப் போன பிற்பாடு ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தாள்.

புருஷன் காசிம் தம்மாமில் தையல்காரன். நல்ல மனுஷன், குறை சொல்லக்கூடாது. ஆனால் எழுதப் படிக்க வராது. கடுதாசி போட்டால் ரூமில் இருக்கிற இன்னொருத்தன்தான் படித்துச் சொல்லணும். புருஷன் பெண்டாட்டி சமாச்சாரத்தை மூணாம் மனுஷன் படிக்கிறதா? அதனால் போன முதல் வருஷமே, அங்கேயே வேலை பார்க்கும் பொம்மிடி தாவூது லீவில் ஊருக்கு வந்தபோது, அவர் கையில் ஒரு டேப் ரெக்கார்டரும் ஒரு கேசட்டும் கொடுத்து அனுப்பினான். அதிலிருந்து அந்த வூட்டில் கடுதாசி கிடையாது, கேசட்தான்.

அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒரே கேசட் போய்ப் போய் வரும். ஒரு பக்கம் காசிம் பேசுவது, மறுபக்கம் வூட்டார் பேசுவது. கேட்டு முடித்ததும் அவரவர் பக்கத்தில் பழசின் மேலேயே புதுசைப் பேசி அனுப்புவார்கள். கேசட் வந்த அன்று தெருவே வந்து உட்கார்ந்துவிடும். பதில் பேசும்போது மாமியார் ஷரீபுன்னிசா முதலில், அப்புறம் பெரியம்மா, சின்னம்மா, பக்கத்து வூடு, எதிர் வூடு. பெண்டாட்டிக்குக் கடைசி ஒரு நிமிஷம். அத்தனை பேர் வாயைப் பார்க்கும்போது என்ன பேச முடியும்? "நான் நல்லா இருக்கேங்க. உடம்பைப் பாத்துக்குங்க." அஞ்சு வருஷமாக ஷகிலா பேசியது இந்த ரெண்டே வார்த்தைதான். வயிறு எரியுமா எரியாதா?

ஒரு தடவை டேப் ரெக்கார்டர் சுற்றாமல் நின்றுவிட்டது. கேசட்டோ வந்து காத்திருக்கிறது. ஷகிலா பொறுக்காமல் பின்மூடியைக் கழற்றினாள். உள்ளே ஒரு ரப்பர் பெல்ட் கழன்று கிடந்தது. எடுத்து மாட்டினாள், காசிம் பேசினான். அன்றைக்கு அவளுக்கு வந்த சந்தோஷம் அவன் குரலைக் கேட்டதற்கா, தன் கையால் அது ஓடியதற்கா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அப்புறம் விடுவாளா! மதராஸிலிருந்து ரேடியோ மெக்கானிக் புத்தகம் ஒன்றை வி.பி.பி.யில் வரவழைத்தாள். சால்டரிங் இரும்பு வாங்கினாள். பழைய சாமான் வாங்கும் மாரப்பன் தெருவில் கூவினால், செத்துப்போன ரேடியோ இருக்கிறதா என்று ஜன்னல் வழியாகக் கேட்டாள். ஸ்டோர் ரூம் அவளுடைய பட்டறையாகிவிட்டது. ஜன்னல் இல்லாத அறை, அரிசி மூட்டைக்கும் புளிப்பானைக்கும் நடுவில் ஒரு பலகை. தண்ணீர் தொட்டி நிரம்பினால் கத்துகிற பெட்டி செய்தாள். கை தட்டினால் எரிகிற பல்பு செய்தாள். தெருப் பெண்கள் முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்து கொடுத்த ரேடியோக்களுக்கு உயிர் கொடுத்தாள். அவர்களும் ஓடுதா என்று பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். எப்படிச் செய்தாய் என்று ஒருத்தியாவது கேட்டிருக்கலாம்.

மாமியார் மட்டும் கதவுக்கு வெளியே நின்று, "என்னாடி புகை நாத்தம்?" என்பாள். "ஒண்ணுமில்லீங்க மாமி" என்று இவள் உள்ளிருந்து சொல்வாள். பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

எண்பத்தாறில்தான் ஒரு பொம்மை வண்டி செய்கிற வேலையில் இறங்கினாள். பிஸ்கட் டப்பாதான் உடம்பு. செத்த டேப் ரெக்கார்டர் ரெண்டின் மோட்டார்கள், மருந்து பாட்டில் மூடிச் சக்கரங்கள், வழுக்காமலிருக்க அதன்மேல் சைக்கிள் ட்யூப் துண்டு. முன்னால் ரெண்டு கண்: வெளிச்சம் பட்டால் கரண்டை விடுகிற குட்டி வில்லைகள். டார்ச் அடித்தால் வெளிச்சத்தைப் பார்த்து வரணும், அதுதான் கணக்கு. முதல் நாள் அது வெளிச்சத்தைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூட்டைச் சந்துக்குள் ஓடியது. "அடி கழுதை, நீயுமா ஓடறே?" என்று திட்டினாள். இடது கண்ணின் ஒயரை வலது மோட்டாருக்கும் வலதை இடதுக்கும் மாற்றிப் பற்ற வைத்தாள். கதவைச் சாத்தி டார்ச்சை அடித்தாள். ர்ர்ர் என்று மெதுவாகத் திரும்பி, நேரே அவள் காலடிக்கு வந்து இடித்து நின்றது. ஷகிலா தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். காட்டுவதற்கு ஒரு ஆள் இல்லையே!

அந்தச் சமயத்தில்தான் காசிமின் கேசட் வந்தது. கம்பெனியில் இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்களாம், என்ன செய்யட்டும் என்றான். தெருவே கூடிப் பதில் பேசியது. போடுப்பா, வர்ற சீதேவியை விடலாமா என்றார்கள். ஷகிலா முறை வந்தது. "நான் நல்லா இருக்கேங்க. உடம்பைப் பாத்துக்குங்க."

அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் தாவூது வந்து கேசட்டை வாங்கிக்கொண்டு மொரப்பூரில் ரயிலேறப் போகிறார். வூட்டார் பக்கம் நிரம்பிவிட்டது. மாமியார் அதைப் போட்டுக் கேட்டு, சரியாகப் பதிந்திருக்கிறதா என்றும் பார்த்தாயிற்று. பாக்கி இருப்பது காசிமின் பக்கம்தான். மாமியார் சொந்தக்காரர் வூட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்த நேரத்தில் ஷகிலா டேப் ரெக்கார்டரோடு ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அவன் பேச்சுக்கு மேலேயே தன் பேச்சைப் பதிந்தாள். அரை மணி நேரம், ஒரு பக்கம் முழுக்க. கையெழுத்துப் போடாதீங்க, வந்துடுங்க, இந்த வேலை எனக்குத் தெரியும், பஸ் ஸ்டாண்டில் ஒரு கடை போடுவோம், நீங்க முன்னாடி உட்காருங்க, நான் பின்னாடி ரிப்பேர் பண்றேன் என்றாள். நம்ப மாட்டானோ என்று வண்டியையும் ஓடவிட்டு அந்தச் சத்தத்தையும் பதிந்தாள்.

ரெண்டு மாசம் அவள் கால் தரையில் பாவவில்லை. வருவான் என்றே இருந்தாள்.

வந்தது கேசட்தான். வழக்கம்போல எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள். காசிம் சலாம் சொன்னான், வெயிலைச் சொன்னான், எல்லாரையும் பேர் பேராக விசாரித்தான். கடைசியில், "அந்தக் கையெழுத்து விஷயம். போட்டுட்டேம்மா. நீங்க எல்லாரும் போடுன்னுதானே சொன்னீங்க. ஷகிலாவும் நல்லா இருக்கேன்னு சொல்லிச்சு. அதான் மனசு நிம்மதி. வெச்சுடறேன்" என்றான்.

டக் என்று அவன் நிறுத்திய சத்தம் கேட்டது.

ஷகிலாவுக்கு அப்போதுதான் உறைத்தது. தான் பேசிய பழைய பேச்சை யார் திரும்பப் போட்டுக் கேட்கிறார்கள்? இந்த வூட்டில் கேட்டதுண்டா? அவனும் வூட்டார் பக்கத்தைக் கேட்டுவிட்டு, தன் பக்கத்தில் தன் பழசுதான் இருக்கிறது என்று அதன்மேல் பேசி அனுப்பிவிட்டான். எத்தனை ஒயரை மாற்றிப் பற்ற வைத்த மண்டைக்கு இது தோணாமல் போச்சே! அவன் பேசியது இருபது நிமிஷம். மிச்சம் பத்து நிமிஷம் இருக்கிறது. ஐயோ, நிறுத்தணும் என்று எழுந்தாள். அதற்குள் பெட்டியிலிருந்து ர்ர்ர் என்று ஒரு சத்தம் வந்தது.

"என்னாது, தையல் மிஷினா?" என்றாள் எதிர் வூட்டு ரோஷன் பீ.

"கேக்குதுங்களா? இதாங்க நான் பண்ண வண்டி" என்றது ஷகிலாவின் குரல். "வெளிச்சம் காட்டுனா கிட்ட வருதுங்க. யாருக்குக் காட்டறது, சொல்லுங்க? இந்த வூட்டுல எனக்கு ஒரு வார்த்தை பேச ஆளில்லீங்க. விடிஞ்சா பொழுது போறதுக்குள்ள செத்துப் பொழைக்கிறேன். நல்லா இருக்கேன்னு சொன்னதெல்லாம் பொய்ங்க."

நிறுத்தப் போன கையை மாமியார் பிடித்துக்கொண்டாள். "இரு. ஓடட்டும்" என்றாள். மற்றவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு, முக்காட்டை இழுத்துவிட்டு, ஒவ்வொருத்தராக வெளியே போனார்கள். மாமியாரும் மருமகளும் மட்டும் மிஞ்சினார்கள்.

திட்டப் போகிறாள் என்றுதான் ஷகிலா நினைத்தாள். ஷரீபுன்னிசா திட்டவில்லை. பிடித்த கையையும் விடவில்லை.

"பேச ஆளில்ல உனக்கு. சரி" என்றாள். "பெத்த புள்ள அங்க. நீ கதவைச் சாத்திட்டு உள்ள. எனக்கு மட்டும் யார்டி இருந்தா?"

பெட்டிக்குள்ளிருந்து ஷகிலாவின் குரல் காசிமிடம் இன்னும் பேசிக்கொண்டே இருந்தது.