மம்சாபுரத்துக்கு ஒரு தாயைக் கூட்டிப்போன சனிக்கிழமை

தொண்ணூற்றொன்றாம் வருஷம். கிறிஸ்துமஸுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. நாகர்கோவிலில் காலை ஐந்து மணிக்குப் பேருந்து ஏறி, திருநெல்வேலியில் வண்டி மாறி, சங்கரன்கோவில் வழியாக நூற்று அறுபது கிலோமீட்டருக்கு மேல் குலுங்கி, ராஜபாளையத்தில் இறங்கியபோது மணி பத்து.

கிரேஸ் என்னோடு ஆசிரியர் பயிற்சி படித்தவள். மில் ஃபிட்டர் ஒருவரைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தாள். மூன்று வருஷத்துக்கு முன் ஸ்டவ் வெடித்து அவள் கழுத்தும் ஒரு கன்னமும் வலது கையும் வெந்துபோயின. நான் வந்து பார்க்கவில்லை. பயம். கடிதம் மட்டும் எழுதினேன். அதிலும் பாதிப் பக்கம் வேதவசனம். போன வாரம் அவளிடமிருந்து ஒரு கார்டு வந்தது: ‘சனிக்கிழமை வா. ஒரு வேலை இருக்கு.’

பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தாள். நான் அவள் முகத்தை விட்டுவிட்டுச் சேலையைப் பார்த்தேன்.

“நல்லாப் பாத்துக்கிடுட்டி. பாத்து முடிச்சாத்தான் பேச முடியும்,” என்று சிரித்தாள்.

பார்த்தேன். பிறகு பேச்சு நிற்கவே இல்லை.

பதினொரு மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ். பன்னிரண்டு கிலோமீட்டர், டிக்கெட் ஒன்றரை ரூபாய். இடது கைப்பக்கம் மலை கூடவே வந்தது, உச்சியில் மழை மேகம். சனிக்கிழமைதோறும் அங்கே ஆஸ்பத்திரிக்குப் போய், தீக்காயம் பட்டுக் கிடக்கும் பெண்களோடு இருந்துவிட்டு வருகிறாளாம்.

“ஜெபம் பண்ணுவியா?”

“மனசுக்குள்ள பண்ணுவேன். கையில சீப்பு இருக்கும்,” என்றாள். “நான் கெடந்தப்போ எல்லாரும் வந்து ஜெபம் பண்ணிட்டுப் போனாவ. நல்லதுதான். ஒரு ஆயாம்மா மட்டும் செத்த நேரம் உக்காந்து சிக்கெடுத்துத் தலை சீவிவிட்டாவ. அன்னிக்குத்தான் ஆண்டவர் பக்கத்துல இருக்காருன்னு நம்புனேன்.”

ஆஸ்பத்திரியில் பேச்சியம்மாள் துணிப்பையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மம்சாபுரத்துக்காரி, வயல் கூலி. அன்று வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அவளோ கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்றாள். இரண்டு மாதமாக நாலு வயது மகளைப் பார்க்கவில்லை. கன்னமும் தாடையும் வேறு நிறமாகி இழுத்துக்கொண்டிருந்தன.

“அக்கா, பிள்ள என்னப் பாத்துப் பயந்துட்டா?”

“பயந்தா பயப்படட்டும். அது தீருற வரைக்கும் ஒங்கூட இருப்பேன். எனக்கு அவசரமில்ல,” என்றாள் கிரேஸ். எனக்கு அவள் வைத்திருந்த வேலையும் அப்போதுதான் தெரிந்தது: பேச்சியம்மாளின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு நடப்பது.

கடைவீதியில் கால் கிலோ பால்கோவா வாங்கினோம், பத்து ரூபாய். டவுன் பஸ்ஸில் பேச்சியம்மாளை நடுவில் உட்காரவைத்தோம். முந்தானையால் முகத்தை மூடியவள் ஊர் வந்து இறங்கியும் எடுக்கவில்லை.

ஒன்றரை மணி. தெருவே வாசலில் நின்றது. மகள் மாரிச்செல்வி தன் அப்பாவின் வேட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். கூப்பிட்டும் வரவில்லை. பேச்சியம்மாள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். கிரேஸும் பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்கோ குழந்தையைத் தூக்கிவந்து மடியில் போட்டுவிடலாமா என்று துடித்தது. கிரேஸ் வேண்டாம் என்று கண்ணால் தடுத்தாள்.

வெகுநேரம் கழித்து, குழந்தை கிரேஸின் வலது கையைப் பார்த்தபடி இரண்டடி வந்தாள்.

“ஒனக்கும் சுட்டுருச்சா?”

“ஆமா, தாயி. ஒங்க அம்மாவுக்கு மாதிரியே.”

“வலிக்குதா?”

“எனக்கு ஆறிருச்சு. ஒங்க அம்மாவுக்குத்தான் இன்னும் கொஞ்சம் வலிக்கும்.”

குழந்தை யோசித்தாள். அம்மாவிடம் போய் முந்தானையைத் தானே விலக்கினாள். மாரிச்செல்வி கன்னத்தை உப்பவைத்து, அந்த இழுத்த தோலின்மேல் ‘ஊ’வென்று ஊதினாள். இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை.

“ஊதியாச்சு. இனி வலிக்காது.”

பேச்சியம்மாள் மகளை அள்ளிக்கொண்டு சிரித்த சிரிப்பில் தெருவே சிரித்தது. அவள் கணவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஏட்டி, வந்தவியளுக்குச் சோத்தப் போடு!” என்று யாரோ சத்தம் போட, கருவாட்டுக் குழம்பும் சோறும் வந்தன. எம்புட்டுத் தின்றோம் என்று கணக்கில்லை. பால்கோவாவைத் தெருப்பிள்ளைகள் ஆளுக்கொரு விரல் வழித்துத் தீர்த்தார்கள்.

நாலரைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் என்னைத் திருநெல்வேலி பஸ்ஸில் ஏற்றிவிட்டாள் கிரேஸ். “மூணு வருஷம் வராம இருந்துட்டேன், மன்னிச்சிரு,” என்றேன். “அதான் வந்துட்டியே,” என்றாள். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் எங்கள் தெருவில் நாலாவது வீட்டுக்குப் போனேன். அங்கே இருக்கும் டெய்சி அக்கா அக்டோபரில் மகனை இழந்தவர். என்ன பேசுவதென்று தெரியாமல் அந்த வீட்டைத் தாண்டும்போதெல்லாம் எதிர்வரிசைக்கு மாறி நடந்திருக்கிறேன். இப்போதும் தெரியவில்லைதான்.

“உக்காரட்டுமா, அக்கா?” என்று கேட்டேன்.

பாயில் நகர்ந்து எனக்கு இடம்விட்டார்.