பேசி அனுப்பியிருக்கலாம்

அந்த வாரம் எங்கள் தமிழ்ப்பள்ளியில் மூச்சுவிட நேரமில்லை. கதை சொல்லும் போட்டி, அறிவியல் விழா, பரிசளிப்பு என்று வரிசையாக வந்தன. போதாததற்கு, வியாழக்கிழமை நடக்க வேண்டிய விளையாட்டுப் போட்டியைத் திங்கட்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள். ஞாயிறு காலையில் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் நீளமாக எழுதிப் போட்டேன். எல்லாரும் பதில் போட்டார்கள். ஷாமினியின் அம்மா மட்டும் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார்.

திங்களன்று ஷாமினி பள்ளிச் சீருடையில் வந்து நின்றாள். நான்காம் ஆண்டில் அவளைவிட வேகமாக ஓடுபவர் கிடையாது. தன் அணி நிறத்து இல்லச் சட்டை இல்லாமல் ஓடக்கூடாது என்று சொல்லி, அவள் இடத்தில் வேறொருத்தியை நிறுத்தினேன். திடலோரம் உட்கார்ந்து அழுதாள்.

பள்ளி விட்டதும், அவளை அழைத்துப்போக வந்த அம்மாவை வாசலில் பிடித்துக்கொண்டேன்.

"மெசேஜப் பாத்துட்டு சும்மா இருந்தா எப்படிக்கா?"

"எனக்குப் படிக்கத் தெரியாது டீச்சர். நேத்து ஃபேக்டரில ஓவர்டைம், போன் என்கிட்டதான் இருந்துச்சு. இவ பாக்கல. பேசி அனுப்பிருந்தா கேட்டிருப்பேன்லா."

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அதில் எனக்கு அவ்வளவு பெருமை. சொந்த ஊரான தாசேக் கெலுகோரில் இருக்கும் என் அம்மாவுக்கும் படிக்கத் தெரியாது. அவருக்குத் தினமும் பேசித்தான் அனுப்புகிறேன்.

மாலையில் பரிசளிப்பு அறிவிப்பைக் குழுவில் பேசி அனுப்பினேன். முதல் பதில் ஷாமினியின் அம்மா குரலில் வந்தது: "கேட்டுட்டேன் டீச்சர்."

ஓட்டப் போட்டியில் பரிசு வாங்குவோர் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். ஷாமினியின் பெயர் அதில் இல்லை.