செசிலியா தேர்ந்தெடுத்த மைக்

செசிலியா இன்று காலை இறந்துவிட்டாள். சற்று முன்பு அவள் மகன் போன் செய்தான். "சரி" என்றேன்.

பழைய மாணவிகளுக்கு அவள் தாவரவியல் டீச்சர். எனக்கு ஸ்டாஃப் ரூமில் பக்கத்து நாற்காலி.

காபி கலந்தேன். குடிக்கவில்லை.

நான் தனியாகக் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய் ஆவணப்படம் எடுப்பதை இந்தப் பக்கத்தில் பார்த்திருப்பீர்கள். எல்லோரும் வயர்லெஸ்ஸுக்கு மாறிவிட்டார்களே, நீங்கள் மட்டும் ஏன் இன்னும் வயர் வைத்த மைக்... என்று சிலர் கேட்டதுண்டு. பதில் சொன்னதில்லை.

செசிலியாதான் காரணம்.

வேடசந்தூரில் மில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்களை முதலில் எடுத்தபோது, கேமராவின் மேல் மாட்டும் மைக்தான் வைத்திருந்தேன். வீட்டில் வந்து போட்டுப் பார்த்தால் பஸ் இருந்தது. பெண்களின் பேச்சு இல்லை.

தெரிந்த வீடியோகிராஃபரிடம் இன்னும் இரண்டு மைக் இரவல் வாங்கிக்கொண்டு செசிலியா வீட்டுக்குப் போனேன். ரோட்டோர வீடு. டவுன் பஸ் ஹாரன் ஓயாது. சோதித்துப் பார்க்க ஏற்ற இடம்.

அவளுக்குக் காது ரொம்ப மந்தம். மெஷின் வைத்திருந்தாள். பெண்களின் பேச்சு பதியாத கதையைக் கத்திச் சொன்னேன்.

"உன் கேமரா மைக்கும் என் காது மெஷினும் ஒரே ரகம்டி. ஃபேனு, பஸ்ஸு, பாத்திரம் எல்லாம் கேக்கும். எதுத்தாப்ல பேசுறவ மட்டும் கேக்க மாட்டா."

வயர்லெஸ்ஸைக் காட்டினேன். சார்ஜ் போட வேண்டுமா என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன்.

"வேணாம். பேசிக்கிட்டு இருக்கும்போதே செத்துப்போற மெஷின் என்கிட்ட ஒண்ணு இருக்கு. அது போதும்."

கடைசியாக வயர் வைத்த காலர் மைக். என் சேலையில் குத்திக்கொண்டேன். அவள் காது மெஷினைக் கழற்றிவிட்டு என் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். சத்தத்தை முழுவதும் ஏற்றி, சாதாரணமாகப் பேசினேன்.

"செசிலி, கேக்குதா?"

ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டாள். பிறகு...

"ஏன்டி, உன் குரல் எப்ப இம்புட்டுக் கிழடாச்சு?"

"ஒனக்கு மட்டும் குயிலாக்கும்!"

அதுவரை எத்தனையோ வருடம் அவளிடம் கத்தித்தான் பேசியிருக்கிறேன். சில விஷயங்களைக் கத்திச் சொல்ல முடியாது. என் கணவரின் கடைசி நாட்கள்... அதற்குப் பிறகான வீடு. யாரிடமும் சொன்னதில்லை. அன்று மெல்லிய குரலில் அவளிடம் சொன்னேன். ரெக்கார்ட் பட்டனை அழுத்தவில்லை.

ஆனால் நான் ரகசியமாகச் சொன்னதற்கெல்லாம் அவள் தெருவுக்கே கேட்கும்படி பதில் சொன்னாள்.

"நீ அழுதியா இல்லையா, அதச் சொல்லு மொதல்ல!"

பக்கத்து வீட்டுப் பெண் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். "என்ன டீச்சர், சண்டையா?"

அதே மாதிரி மைக் ஒன்று வாங்கினேன். படத்துக்கு என்றுதான் சொல்லிக்கொண்டேன். ஞாயிறு பூசை முடிந்ததும் அதை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போவேன்.

போன வாரம் ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனேன், கேமரா பையோடு.

"பாட்டி, பையெல்லாம் உள்ள கூடாது. வாட்ச்மேன்கிட்ட குடுத்துட்டு வாங்க" என்றது நர்ஸ் பெண்.

"இது அவங்களுக்குக் காது கேக்குறதுக்கும்மா."

"கேமராவ ஐசியூல விட்டா டாக்டர் என்னையத் திட்டுவாரு பாட்டி."

உள்ளே போனேன். காது மெஷினையும் கழற்றி மகனிடம் கொடுத்திருந்தார்கள். கண்ணை மூடிக் கிடந்தாள்.

கத்தினேன். "செசிலி! நான் ரோஸ்லின் வந்திருக்கேன்டி!"

வகுப்பறைக்கும் அவள் வீட்டுக்கும் வெளியே நான் குரலை உயர்த்தியவள் அல்ல. மற்றக் கட்டில்களின் அருகே நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கண் திறந்தாள். என்னைத் தெரிந்துகொண்டாள். உதடு அசைந்தது. ஏதோ சொன்னாள்... நீளமாகவே சொன்னாள். குனிந்து அவள் வாயருகே காதை வைத்தேன். மூச்சு மட்டும்தான் வந்தது.

மைக் வாட்ச்மேனிடம் இருந்தது.

"என்னடி சொன்ன?" என்று மறுபடியும் கத்தினேன். கண்ணை மூடிக்கொண்டாள்.

அடக்கம் இன்று மாலை. தெரிந்தவர்கள் கோயிலுக்கு வந்துவிடுங்கள். நான் படம் எடுக்கப் போவதில்லை. யாரும் கேட்க வேண்டாம்.

நல்லபடியாகப் போ, செசிலி.