"கண் கீறட்டா, உம்மா?"

இத்தாலியில் நான் வெள்ளையடிக்கப் போகும் தேவாலயத்தில் சுவரெல்லாம் முகங்கள். வானதூதர்களான மலக்குகளுக்கே முகம், சிறகு, கொழுத்த கன்னம்! உருவப்படம் உள்ள வீட்டுக்குள் மலக்குகள் வரமாட்டார்கள் என்று கேட்டு வளர்ந்தவன் நான். இங்கே அவர்களே படமாகி நிற்கிறார்கள். முதல் நாள் ஏணியில் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். இரண்டாம் நாளும்தான். ஊரில் சொன்னால் அடிக்க வருவார்கள், ஆனால் அவ்வளவு அழகு! ஒரு மலக்கின் கன்னம் உரிந்திருந்தது. அதைத் தீட்டச் சொன்னார் பாதிரியார். "முகம் நான் செய்வதில்லை, பாத்ரே" என்றேன். எனக்குக் கைவராது என்று நினைத்த மனிதர், தாளில் ஒரு முட்டையும் இரண்டு புள்ளியும் போட்டுக்காட்டி, "சுலபம், சுலபம்!" என்று முதுகில் தட்டினார்.

இலங்கையின் கிழக்குக் கரையில், மருதமுனையில் நான் போர்டு எழுதினவன். பக்கத்து ஊர் பெரியநீலாவணைச் செல்வமும் நானும் கூட்டு. கடைப் பலகையில் எழுத்து, பூ, கொடி எல்லாம் நான். முகம் வந்தால் செல்வம். பள்ளிவாசலில் நான் அரபு எழுத, அவன் சாயம் கலப்பான். கோயில் சுவரில் அவன் அம்மன் படம் கீற, நான் தாமரை போடுவேன். "ரெண்டு பேரும் சேந்தாத்தான்டா ஒரு ஆர்ட்டிஸ்ட்" என்பான்.

சுனாமியில் என் தங்கச்சி ஃபஸீலா போனாள். வீட்டிலிருந்த போட்டோக்களும் போயின. சண்டை முடிந்த வருடம் உம்மா போனில் அழுதார். "மகன், அவள்ட முகம் எனக்கு மறந்து போகுது." உடனே ஊரிலிருந்த செல்வத்துக்குப் போன் எடுத்தேன். மறுநாளே தாளும் பென்சிலுமாக உம்மாவின் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டான்.

நான் தேவாலயத்து ஏணியில், போனைக் காதில் வைத்தபடி. உம்மா சொல்லச் சொல்ல அவன் கீறினான்.

"நாடி இன்னும் கொஞ்சம் கூர்."

"ஓம் உம்மா."

"முக்காடு இவ்வளவு இறக்கமில்ல. அவள் எப்பவும் நழுவ விடுவாள், கள்ளி!"

உம்மா சிரித்தார்! சுனாமிக்குப் பிறகு அப்படியொரு சிரிப்பை நான் கேட்டதில்லை. ஏணியிலேயே குதிக்கலாம் போலிருந்தது.

எல்லாம் முடிந்து கண் மட்டும் மிச்சம். செல்வம் கையை நிறுத்திவிட்டான்.

"கண் இல்லாட்டிக் குற்றமில்ல எண்டு உங்கட ஆக்கள் சிலபேர் சொல்லுவாங்க. கண் கீறட்டா, உம்மா? இப்படியே விடட்டா?"

ஐவேளைத் தொழுகை தவறாத உம்மா என்ன சொல்லப்போகிறாரோ என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"கீறு மகன். தொழுற அறைக்குள்ள வைக்கமாட்டன், அலுமாரிக்குள்ள வைப்பன். என்ட மனசு அல்லாஹ்வுக்குத் தெரியும்."

பென்சில் உரசும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

"எங்கடி போயிருந்த, இவ்வளவு நாளும்?" என்றார் உம்மா. என்னிடம் அல்ல.

என்னைச் சுற்றி அத்தனை முகங்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு, பார்க்கமுடியாத அந்த ஒரு முகத்தைக் காதால் கேட்டுக்கொண்டிருந்தேன்.