செயின் கழலும் தெரு

நெடுவாய்க்குடி ஒயர்மேன் மருதையனுக்கு மின்சாரத்தைக் கண்டு பயமில்லை. புயலில் கம்பம் சாய்ந்து கிடந்தாலும் கையுறையை மாட்டிக்கொண்டு முதல் ஆளாகப் போய் நிற்பார். அவருக்கு இருந்த பயம் ஒன்றே ஒன்று. அதை யாரிடமும் சொன்னதில்லை. மனைவி அம்சவல்லி தானாகவே கண்டுபிடித்து வைத்திருந்தாள். மேலத்தெரு முனைக்கு வந்ததும் அவருடைய சைக்கிளில் செயின் கழன்றுவிடும்.

உண்மையில் கழலாது. கழன்றது போல இறங்கி, குனிந்து, உச்சுக்கொட்டிக்கொண்டு பார்ப்பார். பிறகு சரியாகிவிட்டதா என்று சோதிப்பவர் மாதிரி தெரு முழுவதும் வண்டியைத் தள்ளிக்கொண்டே நடப்பார். தெரு முடிந்ததும் செயினுக்கு உடம்பு குணமாகிவிடும், ஏறி மிதிப்பார். இத்தனைக்கும் இது எண்பத்தொன்பதாம் வருஷத்துச் சங்கதி. கீழத்தெருக்காரர்கள் அந்த வழியாகச் செருப்பும் சைக்கிளுமாகப் போக ஆரம்பித்து வருஷம் இருபதுக்குப் பக்கம் ஆகியிருந்தது. அவருடைய மகன் வீரையன் கல்லூரிக்குப் போகும்போது அந்தத் தெருவில்தான் கைப்பிடியை விட்டுவிட்டுத் தலை சீவிக்கொள்வான். இறங்கு என்று யாரும் யாரையும் சொல்வதில்லை. மருதையனின் கால்களுக்கு மட்டும் அந்தச் சேதி போய்ச் சேரவில்லை.

கால்களையும் குறை சொல்ல முடியாது. அவருக்கு ஏழு வயதிருக்கும்போது அவருடைய அப்பா அய்யாக்கண்ணு, பண்ணையில் ஆளாக இருந்தவர், ஒருநாள் இரவல் சைக்கிளில் மகனை உட்காரவைத்துக்கொண்டு அவசரத்தில் மேலத்தெரு வழியாக வந்துவிட்டார். பையனுக்குக் காய்ச்சல், வைத்தியரிடம் போகவேண்டும். பெரிய பண்ணை வாசலில் நிறுத்தினார்கள். இறங்கித் தள்ளிக்கொண்டு போனால் போதாது, தூக்கிக்கொண்டு போ என்றார்கள். அய்யாக்கண்ணு சைக்கிளைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். காய்ச்சலோடு மருதையன் பின்னால் நடந்தான். இரண்டு பக்கமும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நாற்பது வருஷம் கழித்தும் அவர் காதில் இருந்தது, அவ்வளவுதான்.

பிறகு ஆட்சி மாறியது, கூலிக்குச் சண்டை நடந்தது, செங்கொடி ஏறியது, குடிமனைக்குப் பட்டா வந்தது, உச்சவரம்பில் பண்ணை நிலம் கொஞ்சம் போயிற்று, பினாமி பேரில் கொஞ்சம் நின்றது. அந்தக் கலவர வருஷங்களில்தான் மருதையன் வேலைக்குச் சேர்ந்தார். மேலத்தெருக் கம்பத்தின் உச்சியில் நின்றுகொண்டு பெரிய பண்ணை வீட்டு ஓடுகளையெல்லாம் மேலிருந்து பார்த்திருக்கிறார். அங்கே நிற்கும்போது கால் நடுங்காது. கீழே இறங்கிச் சைக்கிளைத் தொட்டதும் செயின் ஞாபகம் வந்துவிடும்.

அவர் வீட்டில் மூன்று நாய்கள். மூன்றும் வழியில் அகப்பட்டவை. கோரையாற்று வெள்ளத்தில் வைக்கோல் கட்டின் மேல் மிதந்து வந்தவன் மேஸ்திரி. வீட்டில் எந்த வேலை நடந்தாலும் பக்கத்தில் வந்து நின்று மேற்பார்வை பார்ப்பான். மூடிப்போன அரிசி மில்லுக்குள் கட்டிப்போட்டபடி விட்டுவிட்டுப் போனவர்களிடமிருந்து மீட்டுவந்தது ராணியை. மூன்றாவது தாசில்தார். மோட்டார் சைக்கிள் ஏறியதில் ஒரு காலை இழந்தவன். கூப்பிட்டால் வரமாட்டான், எல்லாம் முடிந்த பிறகு மெதுவாக வந்து எட்டிப் பார்ப்பான் என்பதால் அம்சவல்லி வைத்த பெயர். "மனுசன் கம்பத்துல ஏறப் போனா ஃபியூஸ் கட்டையோட வருவான், இவரு குட்டியோட வர்றாரு" என்று அவள் அலுத்துக்கொள்வாள். மூன்றுக்கும் தனித்தனிச் சட்டியில் சோறு பிசைந்து வைப்பதும், தாசில்தாருக்கு மட்டும் கருவாட்டுத் தலையைக் கூடுதலாகப் போடுவதும் அவள்தான்.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் மருதையன் ஒரு புத்தம்புது ராஜ்தூத் மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினார். சிவப்பு நிறம். எதற்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு காரணம் சொன்னார். மேலதிகாரியிடம், லைன் தூரம் அதிகம் என்றார். மகனிடம், முட்டி வலி என்றார். அம்சவல்லியிடம், உன்னைச் சைக்கிளில் வைத்து மிதிக்க முடியவில்லை என்றார். அதற்கு அவள் இரண்டு நாள் பேசவில்லை. உண்மையான காரணம் அவர் மனசுக்குள் இருந்தது. ஒன்றேகால் குவிண்டால் இரும்பை எவன் இறங்கித் தள்ளுவான்? இந்த வண்டியில் ஏறிவிட்டால் கால்கள் நினைத்தாலும் இறங்க முடியாது.

நாய்கள் முதல் நாளே தீர்மானம் நிறைவேற்றிவிட்டன. கிக்கரை உதைத்தால் போதும், மூன்றும் சேர்ந்து சக்கரத்தை வளைத்துக்கொண்டு குரைக்கும். தாசில்தார் மூன்று காலில் நின்று குரைத்ததைப் பார்த்தால் பழைய கேஸுக்கு இப்போதுதான் எதிரி அகப்பட்டான் என்று தோன்றும். ஒரு வாரம் வண்டியைத் தெருக்கோடி வரை உருட்டிக்கொண்டு போய்த்தான் கிளப்பினார். இரண்டாவது வாரம் சமாதானம் ஏற்பட்டது. மேஸ்திரி இரண்டு டயரிலும் காலைத் தூக்கித் தன் அங்கீகாரத்தைக் கொடுத்தான். ராணி சீட்டைப் பிடித்துக்கொண்டாள். தினமும் காலையில் பழைய வேட்டியால் வண்டியைத் துடைத்து, பக்கத்தில் ஒரு குடத்தை வைத்தால்கூட அம்சவல்லி மேல் எரிந்து விழுகிற மருதையன், ராணி சீட்டில் தூங்குகிறாள் என்று ஒருநாள் சைக்கிளிலேயே வேலைக்குப் போனார். அன்றைக்கும் மேலத்தெருவில் செயின் கழன்றது.

மோட்டார் சைக்கிளில் போன நாட்களிலும் மேலத்தெருப் பக்கம் அவர் தலைகாட்டவில்லை. வாய்க்கால் கரையில் சுற்றிக்கொண்டுதான் போனார். புது எஞ்சின், முதல் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மெதுவாகத்தான் ஓட்டவேண்டுமாம், கரைதான் அதற்குத் தோது என்றார். அம்சவல்லி கேட்டுக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முத்துப்பேட்டையில் இருக்கும் அவளுடைய அக்காள் வீட்டுக்குப் புறப்பட்டார்கள். கும்பகோணத்தில் எடுத்த பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, ஒருபக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்தாள். நாய்களை உள்ளே விட்டுப் படலைச் சாத்தியாயிற்று. கீழத்தெரு திரும்பியதும் வண்டி வழக்கம்போல வாய்க்கால் பக்கம் முகத்தைத் திருப்பியது.

"கரை வேணாங்க, குலுங்கும். தெரு வழியாவே போங்க" என்றாள்.

"எஞ்சின்..." என்று ஆரம்பித்தார்.

"இதுல செயினுக்கு மூடி போட்டிருக்கான். கழலாது."

இருபத்திரண்டு வருஷமாக இவளுக்குத் தெரியும் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. கோபம் வந்தது, வெட்கம் வந்தது, அழுகை மாதிரியும் ஏதோ வந்தது. வண்டியைத் திருப்பினார்.

மேலத்தெரு முனையில் அவருடைய வலது கால் தானாகப் பிரேக்கை அழுத்தியது. பின்னாலிருந்து ஒரு கை அவர் சட்டையைக் கெட்டியாகப் பிடித்தது. காலை எடுத்தார். வண்டி தெருவுக்குள் நுழைந்தது. ஒரு வீடு, இரண்டு வீடு, மூன்று வீடு. நெஞ்சுக்குள் அடித்துக்கொண்டதில் எஞ்சின் சத்தமே அவருக்குக் கேட்கவில்லை. அது நின்றுபோனதும் அதனால்தான் உடனே தெரியவில்லை. பெரிய பண்ணை வாசலுக்கு நேராக, நட்டநடுத் தெருவில், வண்டி இரண்டு தடவை இருமிவிட்டு ஓய்ந்தது.

மருதையன் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டார். கால் ஊன்றுவது இறங்குவதில் சேராது என்று தனக்குத்தானே ஒரு தீர்ப்பும் சொல்லிக்கொண்டார். உட்கார்ந்தபடியே உதைத்துப் பார்த்தார். ஒருமுறை, ஐந்துமுறை, பத்துமுறை. சட்டை நனைந்துவிட்டது. இதற்குள் படலைத் தாண்டி மோப்பம் பிடித்துக்கொண்டு மேஸ்திரியும் ராணியும் ஓடிவந்து சேர்ந்தார்கள். வந்தவர்கள், எஜமானர் ஓய்வெடுக்கிறார் என்று நினைத்து வண்டிக்கு முன்னால் தெருவில் படுத்துவிட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து மூன்று காலில் தாசில்தாரும் வந்தான்.

வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார் இராஜாங்கம். பெரிய பண்ணையின் மகன். அன்றைக்குச் சிரித்தவர்களில் அவரும் ஒருவர். அப்போது மீசை முளைக்கிற வயது. இப்போது அறுபதுக்குப் பக்கத்தில் இருக்கிறார். பாதி நிலம் இல்லை, பாதிப் பல் இல்லை. பேப்பரைத் தாழ்த்தி, மூக்குக்கண்ணாடியை ஏற்றி, வண்டியையும் பட்டுப்புடவையையும் மூன்று நாய்களையும் வரிசையாகப் பார்த்தார்.

"என்ன மருதையா, புது வண்டியா? எறங்கித் தள்ளிப் பாரேன், கெளம்பிடும்" என்றார்.

கெட்ட எண்ணத்தில் சொன்னதாகத் தெரியவில்லை. நின்ற வண்டியைப் பார்த்தால் யாரும் சொல்கிற யோசனைதான். ஆனால் மருதையனின் கால்கள் அந்தக் குரலைக் கேட்டதும் இறங்கத் தயாராகிவிட்டன. ஒன்று சீட்டிலிருந்து எழும்பியே விட்டது. சட்டையைப் பிடித்த கை விடவில்லை.

"இல்லிங்க" என்றார் மருதையன். குரல் உடைந்தது, மறுபடியும் சொன்னார். "இந்தத் தெருவுல நான் எறங்கமாட்டேங்க."

இராஜாங்கம் பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். சைக்கிள் ஞாபகம் வந்ததோ என்னவோ. ராணி ஒரு கொட்டாவி விட்டாள்.

அம்சவல்லி அவர் காதுக்கருகில் குனிந்தாள். "பெட்ரோல் கொழாயத் தெறந்தீங்களா?"

அவர் திறக்கவில்லை. இத்தனை நாளும் திறந்தே கிடந்த குழாய், அன்று காலையில் துடைக்கும்போது வேட்டி பட்டு மூடிக்கொண்டிருந்தது. வண்டியை நிறுத்தினால் குழாயை மூடவேண்டும், கிளப்பும்போது திறக்கவேண்டும் என்று கடைக்காரன் படித்துப் படித்துச் சொன்னபோது மருதையன் பக்கவாட்டுக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி எடுக்கக் கூட வந்திருந்த அம்சவல்லிதான் கேட்டுக்கொண்டாள். ஊருக்கெல்லாம் கரண்டைத் திறந்துவிடுகிறவர் முழங்காலுக்குப் பக்கத்திலிருந்த குழாயைத் திறந்தார். கொஞ்சம் பொறுத்து உதைத்தார். இரண்டாவது உதையில் வண்டி கிளம்பியது. நாய்கள் அலறிப் புடைத்துக்கொண்டு எழுந்து வழிவிட்டன. இராஜாங்கமும் தன்னையறியாமல் நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

தெரு முடிந்து ஆற்றுப்பாலத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினார். இறங்கினார். மதகுக் கட்டையில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். அம்சவல்லி தடுக்கவில்லை. புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தவர், "இன்னொரு தடவ போயிட்டு வரட்டுமா?" என்று கேட்டார்.

"அக்கா சோறாக்கி வச்சிருப்பா."

"ஒரே தடவ."

அவள் ஒதுங்கி நின்றுகொண்டாள். மூச்சிரைக்க வந்து சேர்ந்த நாய்களும் இனி ஓட முடியாது என்று அவளோடு பாலத்தடியில் படுத்துவிட்டன. மருதையன் தனியாகப் போனார். திரும்பி வந்தார். இவளை ஏற்றிக்கொள்வார் என்று பார்த்தால், கையைக் காட்டிவிட்டு மறுபடியும் போனார். மூன்றாவது தடவையும் போனார். நாலாவது தடவை திரும்பி வந்தபோது எஞ்சினை அணைத்தார். குழாயையும் மறக்காமல் மூடினார். முகம் முழுவதும் பல்லாக இருந்தது.

"அம்சா, மொதல் தடவ அவரு எழுந்து நின்னு பாத்தாரு. ரெண்டாவது தடவ உக்காந்துகிட்டுப் பாத்தாரு."

"சரி."

"இப்பப் போனேன் பாரு, பேப்பர விட்டுத் தலையத் தூக்கவே இல்ல."