சதுப்பில் ஆந்தை இல்லை

நவம்பர் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை காலை, பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் கதவு மணியை அடித்தார். டென்மார்க்கில் சொல்லாமல் வந்து மணியடிப்பவர்கள் இரண்டு வகை: மதம் பரப்புபவர்கள், வீட்டில் நெருப்புப் பிடித்தவர்கள். இவர் இரண்டுமில்லை. முகமெல்லாம் சிரிப்பு. தன் வளவுப் பைன் மரத்துக்கு விருந்தாளிகள் வந்திருப்பதாகவும், எங்கள் குசினி யன்னலிலிருந்துதான் அவர்களை நன்றாகப் பார்க்கலாம் என்றும் சொன்னார்.

விருந்தாளிகள் ஆந்தைகள். முதலில் இரண்டுதான் தெரிந்தன. கண் பழகியபின் ஐந்தோ ஆறோ. பட்டையின் நிறத்தில், கிளையோடு ஒட்டி, தலையில் இரண்டு இறகுக் கொத்துகள் காதுபோல நிமிர்ந்திருக்க, நித்திரை கொண்டிருந்தன. குளிர்காலத்தில் இந்த இனம் ஊருக்குள் வந்து ஒரே மரத்தில் கூட்டமாகத் தங்குமாம். பொழுதுபட்டதும் வயலுக்கு எலி பிடிக்கப் போய், விடியமுன் திரும்புமாம். நாங்கள் இருக்கும் பிராண்டேயில் தொழிற்சாலை இரவு வேலைக்காரரும் அப்படித்தான். அதில் எனக்கு ஆட்சேபனை இல்லை.

ஆட்சேபனை மனைவிக்கு. அவள் சில வாரங்களாக இருமிக்கொண்டிருந்தாள். எக்ஸ்ரேயில் வலப்பக்க நுரையீரலில் ஒரு நிழல் தெரிகிறது என்று குடும்ப வைத்தியர் முதல்நாள்தான் தொலைபேசியில் சொல்லியிருந்தார். அவள் யன்னலால் எட்டிப் பார்த்தாள். தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுத் திரைச்சீலையை இழுத்து மூடினாள்.

"சாக்குருவி."

"இது வேற இனம். சாக்குருவி சின்னன்" என்றேன்.

"நேற்று நிழல் எண்டு சொல்லுறாங்கள். இண்டைக்கு இதுகள் வந்து குந்துதுகள். நீங்கள் நிண்டு இனம் பாக்கிறியள். அந்தாளிட்டைச் சொல்லி மரத்தை வெட்டச் சொல்லுங்கோ."

நான் கொம்யூன் எனும் நகரசபை அலுவலகத்தில் மற்றவர்களின் விண்ணப்பங்களைப் பரிசீலித்தே ஓய்வுபெற்றவன். எந்த முறைப்பாடு எந்த மேசைக்குப் போகும், எத்தனை மாதம் அங்கே கிடக்கும் என்பது எனக்கு மனப்பாடம். ஆகவே விளக்கினேன்: மரம் அவருடையது. ஆந்தை பாதுகாக்கப்பட்ட பறவை. அதை வேண்டுமென்று கலைப்பதே சட்டப்படி குற்றம்.

"விதி இருக்கு" என்று முடித்தேன்.

"அப்ப நீங்கள் விதியோட இருங்கோ. நான் யன்னலைச் சாத்திக்கொண்டு இருக்கிறன்."

இந்த நாட்டில் ஆந்தையிடமிருந்து யன்னலைச் சாத்தித் தப்ப முடியாது என்பதை அடுத்த சில நாட்களில் கண்டேன். மரத்தில் செய்த ஆந்தை கடைக் கண்ணாடியில் இருந்தது. கண்ணாடி போட்ட ஆந்தை நூல்நிலையச் சுவரொட்டியில் படித்துக்கொண்டிருந்தது. பேத்தி பாலர் பள்ளிக்குக் கொண்டுபோகும் பையிலும் இளஞ்சிவப்பில் ஒன்று, கண்ணை உருட்டி விழித்துக்கொண்டிருந்தது. மனைவி அந்தப் பையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள். பேத்தி டெனிஷில் ஏனென்று கேட்டாள். "அது நித்திரை கொள்ளட்டும்" என்றாள் இவள் தமிழில்.

"வட இந்தியாவில லட்சுமிக்கு வாகனமே ஆந்தைதான்" என்று சொல்லிப் பார்த்தேன்.

"அது அவையின்ர லட்சுமி. எங்கட லட்சுமி தாமரையில இருக்கிறா."

கடைசியில் அவளே ஒரு சலுகை தந்தாள். ஆந்தை இருந்தால் மட்டும் போதாது, அலற வேண்டும். அலறாதவரை ஒன்றுமில்லை. நான் வாசித்துப் பார்த்ததில், இந்த இனம் குளிர்காலம் முழுதும் பெரும்பாலும் வாயே திறக்காது. முடிவில்தான் ஆண் கூப்பிடத் தொடங்கும். முதல் பாதியை மட்டும் அவளுக்குச் சொன்னேன்.

அடுத்த கிழமை வைத்தியரிடம் போனோம். அகன்ற முகமும் அவசரமில்லாத பேச்சும் உள்ள யூட்லாந்துக்காரர். படத்தைக் காட்டி, ஸ்கேன் எடுக்க வேண்டும், வேகமான பாதையில் பதிந்துவிட்டேன் என்றார். அந்த வேகமான பாதை எதற்கென்று எனக்குத் தெரியும். யாரும் சளிக்காக அதில் போவதில்லை. என் முகத்தைப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. ஆறுதலாக, "ஊலர் ஈ மோசன் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை" என்றார்.

சொல்லுக்குச் சொல் பார்த்தால், சதுப்பு நிலத்தில் ஆந்தைகள். ஏதோ கள்ளம் ஒளிந்திருக்கிறது என்பதற்கு டேனியர் சொல்வது. அலுவலகத்தில் சந்தேகமான விண்ணப்பம் வந்தால் நாங்களும் அதையே சொல்வோம். முதலில் அது ஆந்தையே இல்லை, ஓநாய்; வாயில் தேய்ந்து ஆந்தையாயிற்று என்பார்கள். இதையெல்லாம் விளக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை. மனைவியின் கை என் முழங்கையை இறுக்கிப் பிடித்தது.

"நீங்களே இவருக்குச் சொன்னனீங்கள்?"

"என்னத்தை?"

"ஆந்தையை! மோசமெண்டும் சொல்லுறாரே."

"மோசமில்லை, மோசன். சதுப்பு. அது இவங்கட பேச்சு வழக்கு."

வைத்தியர் ஏதாவது விளங்கவில்லையா என்று கேட்டார். எல்லாம் விளங்குகிறது என்றேன்.

திரும்பி வரும்போது, கார் ஊர் எல்லை தாண்டியபின் சொன்னாள்: "பேச்சு வழக்கெண்டு எனக்கும் தெரியும். வேலையில எத்தினை தரம் கேட்டிருப்பன். ஆனா சொல்லுறதுக்கு வேற ஒண்டும் இல்லாமல், அந்தாள் ஏன் அதை எடுத்தவர்?"

ஸ்கேன் முடிந்து முடிவுக்காகக் காத்திருந்த நாட்களில், அதற்குப் பதில் தேடி வேலியடிக்குப் போனேன். பக்கத்து வீட்டுக்காரர் படித்தவர், நிதானமானவர். ஆந்தை அறிவின் சின்னம் என்று அவர் வாயால் வந்தால், அப்படியே கொண்டுபோய் மனைவியிடம் ஒப்படைக்கலாம் என்பது என் திட்டம். உங்கள் ஆட்கள் ஆந்தையைப் பற்றி என்ன சொல்வார்கள் என்று கேட்டேன்.

"என் அம்மா ஆந்தையை லீ-ஊலெ என்றுதான் சொல்வாள்" என்றார் உற்சாகமாக. "பிண ஆந்தை. நோயாளி கிடக்கும் வீட்டு யன்னலுக்கு வந்து 'கொம் மெ, கொம் மெ' என்று கூப்பிடுமாம். கூட வா, கூட வா என்று. பாவம், அது விளக்குக்கு வரும் பூச்சியைப் பிடிக்க வந்திருக்கும்!" அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். எங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று அவர் கேட்டார். மறந்துவிட்டது என்றேன்.

சாக்குருவி என்ற சொல்லை யாழ்ப்பாணத்தோடு விட்டுவந்தேன் என்றுதான் இத்தனை காலம் எண்ணியிருந்தேன். அது எனக்கு முன்பே இங்கே வந்து, மொழியும் படித்து, வேறு பெயரில் குடியிருந்திருக்கிறது. வீட்டுக்குள் வந்தேன். மனைவி என்ன கதைத்தீர்கள் என்று கேட்டாள். மரத்தைப் பற்றி என்றேன்.

அதன்பின் அலறலுக்குக் காது கொடுக்கத் தொடங்கியவன் நான்தான். செய்தி ஓடும்போது தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்தேன். குளிர்சாதனப் பெட்டியின் முனகலுக்குத் திடுக்கிட்டேன். முடிவு சொல்ல வைத்தியர் கூப்பிட்டிருந்த நாளுக்கு முதல்நாள் பின்னேரம், வெளிச்சம் மங்கும்போது, மரத்திலிருந்து ஏதோ கேட்டது போலிருந்தது. ஒரு புறாவாகவும் இருக்கலாம். நான் யோசிக்கவில்லை. குசினியிலிருந்து சட்டி மூடி இரண்டை எடுத்துக்கொண்டு வேலியடிக்குப் போய், தட்டிக் கலைக்கக் கையை உயர்த்தினேன்.

ஓர் ஆந்தை மட்டும் கண்ணைத் திறந்தது. செம்மஞ்சள் கண். விண்ணப்பத்தில் கையெழுத்து விடுபட்டதைக் கண்ட அதிகாரியைப்போல என்னைப் பார்த்தது.

பின்னால் குசினி யன்னல் திறந்தது. பல நாட்களுக்குப்பின் திரைச்சீலை விலகியிருந்தது.

"இஞ்சாருங்கோ! விதி இருக்கெண்டனீங்கள்?"

நான் மூடிகளை இறக்கினேன்.

"உள்ள வாங்கோ. உங்களுக்கு விசரே? அந்தாள் கண்டால் பொலிசுக்குப் போன் அடிப்பார். பிறகு நாளைக்கு என்னை ஆர் கூட்டிக்கொண்டு போறது?"

மறுநாள் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். வைத்தியர் இந்தமுறை ஆந்தையைக் கூப்பிடவில்லை. பழைய தழும்பு போலிருக்கிறது, சிறுவயதில் வந்த ஏதோ காய்ச்சலின் மிச்சமாயிருக்கலாம் என்றார். இருக்கலாம் என்ற சொல்லை என் தொழிலில் நானே எத்தனையோ பேருக்குக் கொடுத்திருக்கிறேன். வாங்கிக்கொள்வது இப்போதுதான் முதல்முறை. உறுதி செய்ய வசந்தத்தில் இன்னொரு ஸ்கேன்.

குளிர்காலம் முழுதும் திரைச்சீலை திறந்தே கிடந்தது. அவள் காலையில் தேத்தண்ணியோடு நின்று மரத்தைப் பார்ப்பாள். "எல்லாம் இருக்குதுகள்" என்பாள். இருமல் குறைந்திருந்தது.

இரண்டாவது ஸ்கேனுக்குப் போகும் காலையில் அவள் சப்பாத்துப் போட்டபடி யன்னலுக்குப் போனாள். திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தேன். மரம் வெறுமையாயிருந்தது.

"எங்க போச்சுதுகள்?"

"வசந்தம் வந்தால் காட்டுக்குப் போயிடும். கூடு கட்ட."

"இருந்ததுகள், ஒண்டும் நடக்கேல்லை. இண்டைக்குப் பாத்து இல்லை."

நேரமாகிறது என்றேன். அவள் மெதுவாக வந்து காரில் ஏறினாள். பின்னோக்கி எடுக்கும்போது இருவரும் மரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். குப்பைத் தொட்டியில் இடித்தேன்.

நிழல் வளரவில்லை என்றார் வைத்தியர். ஆனாலும் இன்னொருமுறை பார்த்துவிடுவோம் என்று கணினியைத் தட்டி நாள் தேடினார். நவம்பரில்தான் கிடைத்தது.

"நவம்பர்" என்றாள் அவள் என் பக்கம் திரும்பி. "அப்ப அதுகளும் வந்திடுமெல்லே?"

வந்துவிடும் என்றேன். எனக்கு அது உறுதியாகத் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டுக்காரரின் மணியை அடித்து, அந்த மரத்தை வெட்டும் யோசனை ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன்.